கடலடியில் ஒரு மதில்

கடலில் 300 பாகத்துக்குக் கீழ் உயிரிராது என எட்வேட் போப்ஸ் 1843இல் ஊகித்தார். உணவு வறிய ஈஜியன் கடலைக்கொண்டு எல்லாக் கடல்களையும் அளந்தமை பொருந்தாது. 1868இலும் 1869இலும் வைவில் தொம்சனும் காப்பென்டரும் ஸ்கொத்லாந்துக்கும் பரோத் தீவுகளுக்கும் இடைப்பட்ட கடலில் 500 பாகத்துக்கும் கீழே உயிர்களை வாரியெடுத்தனர்.

வியப்பு அதுவன்று. ஏறத்தாழ ஒரே ஆழத்தில், அண்மையண்மையாக, ஒருபுறத்து நீர் உறைநிலையை ஒட்டியும் மறுபுறத்து நீர் பல பாகை வெம்மையாயும் இருந்தது. குளிர்ப்புறத்தில் ஆட்டிக் கடலுக்குரிய உடுமீன்கள். மறுபுறத்திலோ கண்ணாடிக் கடற்பஞ்சுகள். ஆழமொன்றே உயிர்களை வகுப்பதாயின் இவ்வேறுபாடு எழுமோ? நடுவே மதில்போன்ற மேடொன்று குளிர்நீரைத் தடுத்தல் வேண்டும் எனத் தொம்சன் கருதினார். 1880இல் 'நைற் எரன்ற்' கப்பலும் 1882இல் 'றைற்றன்' கப்பலும் ஆழம் அளந்து அதனைக் கண்டன. மேட்டுக்கு அவர் பெயரே இடப்பட்டது. இரண்டாம் கப்பல் புறப்படுமுன்னரே அவர் காலமாகியிருந்தார்.