இரட்டைப் புகைபோக்கி

இரட்டைப் புகைபோக்கி என்பது உள் எரி பொறியில் உண்டாகும் கழிவுவாயுவை இரண்டு குழாய்கள் வழியாக வண்டியின் பின்புறத்துக்குக் கொண்டு சென்று வெளியேற்றும் அமைப்பு ஆகும். தானுந்துகளிலும் விசையுந்துகளிலும் இது காணப்படுகிறது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதனை "டபுள் சைலன்சர்" என்பர். அங்கு சைலன்சர் என்னும் சொல் ஒலியடக்கியை மட்டுமன்றிக் குழாய் முழுவதையும் குறிக்கிறது. விரைவுத் தானுந்துகளில் இவ்வமைப்பு வலுவுக்காக என்று சொல்லப்பட்டாலும், பெரும்பாலும் ஒலிக்காகவே விரும்பப்படுகிறது. ஆனால் பின்புறம் தெரியும் முனைகளின் எண்ணிக்கை ஒலியைத் தீர்மானிப்பதில்லை. உருளைகள் எரியும் வரிசை, இரு குழாய்களும் சேரும் அல்லது பிரியும் இடம், ஒலியடக்கியின் வகை ஆகியவையே அதனைத் தீர்மானிக்கின்றன.

வகைகள்

முழு இரட்டை அமைப்பில் பொறியின் ஒவ்வொரு பக்க உருளைத் தொகுதிக்கும் தனிக் குழாய், தனி வினையூக்கி மாற்றி, தனி ஒலியடக்கி ஆகியன இறுதிவரை இருக்கும். வி வடிவப் பொறிகளுக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. இரண்டாவது வகையில் ஒரே குழாய் பின்பக்கம் வரை வந்து, கடைசி ஒலியடக்கியில் இரண்டு முனைகளாகப் பிரிகிறது. உருளைகள் ஒரே வரிசையில் அமைந்த மூன்று, நான்கு உருளைப் பொறிகளில் காணப்படுவது பெரும்பாலும் இதுவே. மூன்றாவது வகை வெறும் ஒப்பனை. பின் பம்பரில் இரண்டு வளையங்கள் பளபளக்கும், உண்மையான குழாய் அவற்றின் உள்ளே கீழ்நோக்கி மறைந்திருக்கும். பின்னால் நின்று பார்த்து இவற்றை வேறுபடுத்த இயலாது. வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் பார்ப்பதே வழி.

ஒலியின் தோற்றம்

நான்கு வீச்சுப் பொறியில் ஒவ்வோர் உருளையும் சுழல்தண்டின் இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை எரிகிறது. ஆகவே ஒலியின் அடிப்படை அதிர்வெண், ஒரு நொடியில் தண்டு சுற்றும் எண்ணிக்கையை உருளைகளின் எண்ணிக்கையில் பாதியால் பெருக்கக் கிடைப்பதாகும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் மூன்று உருளைப் பொறி 75 ஏர்ட்சும், நான்கு உருளைப் பொறி 100 ஏர்ட்சும், எட்டு உருளைப் பொறி 200 ஏர்ட்சும் தரும். எந்த ஒலியடக்கியை மாற்றினாலும் இந்த எண் மாறாது. நான்கு உருளை வண்டியில் இரட்டைக் குழாய் பொருத்தி எட்டு உருளை வண்டியின் ஒலியை எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவது இதனாலேயே.

அமெரிக்க வி-8 பொறிகளின் பெயர் பெற்ற உறுமலுக்குக் காரணம் ஒழுங்கின்மை ஆகும். அவற்றின் சுழல்தண்டு குறுக்குத் தள வகையைச் சேர்ந்தது. பொறி முழுவதையும் எடுத்துக்கொண்டால் 90 பாகைக்கு ஒரு எரிப்பு சீராக நிகழ்கிறது. ஒரு பக்க உருளைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் இடைவெளிகள் 90, 180, 270, 180 பாகை என மாறி மாறி அமைகின்றன. இரு பக்கங்களையும் தனித்தனிக் குழாய்களில் விட்டால் இந்தத் தடுமாற்றம் காதுக்கு எட்டுகிறது. தட்டைத் தளத் தண்டு கொண்ட ஃபெராரி வி-8 பொறிகளில் ஒவ்வொரு பக்கமும் 180 பாகைக்கு ஒருமுறை சீராக எரிவதால் ஒலி கூர்மையாக உயர்கிறது. சுபாரு நிறுவனத்தின் எதிரெதிர் உருளைப் பொறிகளில் பலகாலம் கேட்ட துடிப்பான ஒலிக்கு, இரு பக்கக் குழாய்களின் நீளம் சமமாக இல்லாமையே காரணம். அங்கு குழாய்கள் இறுதியில் ஒன்றாகவே சேர்ந்தன.

இரண்டு குழாய் இருந்தால் ஒலி இரு மடங்காகும் என்பது தவறான கருத்து. ஒரே அளவுள்ள, தொடர்பற்ற இரு ஒலி மூலங்கள் சேர்ந்தால் அளவு 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். இரட்டைக் குழாயில் ஒவ்வொன்றிலும் பாதி வாயுவே செல்வதால் அந்த 3 டெசிபலும் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

தெரிவு செய்தல்

முழு இரட்டை அமைப்பில் முதலில் முடிவு செய்ய வேண்டியது குறுக்கிணைப்பு. இரு குழாய்களையும் ஒரு சிறு குறுக்குக் குழாயால் இணைத்தால் எச் வடிவம். இரண்டும் ஒன்றையொன்று வெட்டிச் சென்றால் எக்ஸ் வடிவம். எச் வடிவில் அழுத்தம் ஓரளவே சமப்படுவதால் தாழ்ந்த உறுமல் எஞ்சுகிறது. எக்ஸ் வடிவில் இரு பக்கத் துடிப்புகளும் கலந்துவிடுவதால் ஒலி மென்மையாகவும் உயர்ந்த சுருதியிலும் அமைகிறது. ஒலிக்காக மட்டும் செலவிடுவோருக்கு விலையுயர்ந்த ஒலியடக்கியைவிட இந்த இணைப்பே அதிகப் பயன் தரும்.

குழாயின் விட்டம் அடுத்தது. 63 மி.மீ. உள்விட்டமுள்ள ஒற்றைக் குழாயின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 3,117 சதுர மி.மீ. ஆகும். 45 மி.மீ. குழாய்கள் இரண்டு சேர்ந்தால் 3,181 சதுர மி.மீ. கிடைக்கும். எனவே 63 மி.மீ. ஒற்றைக் குழாய் போதுமான பொறிக்கு அதே விட்டத்தில் இரண்டு குழாய்கள் பொருத்துவது தேவையற்றது. வாயுவின் வேகம் குறைவதோடு எடையும் கூடுகிறது. தாழ்ந்த சுற்றுகளில் இழுவை குறையவும் கூடும்.

நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் செல்லும்போது உள்ளே எழும் ரீங்காரமே பலர் பொருத்திய புதிதில் கவனிக்காத குறை. பட்டறை வாசலில் பொறியை முறுக்கிக் கேட்கும்போது அது தெரியாது. இரண்டு மணிநேரப் பயணத்தில்தான் தலைவலியாகத் தெரியும். இதற்குப் பக்கவாட்டில் முனை மூடிய குழாய் ஒன்று பொருத்தப்படுகிறது. அதன் நீளம் அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு. 300 பாகை செல்சியசு வெப்பமுள்ள வாயுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 480 மீட்டர் செல்லும். 80 ஏர்ட்சு ரீங்காரத்தை அடக்க 1.5 மீட்டர் நீளம் வேண்டும். இரண்டு குழாய்களுக்கும் இப்படி இடம் தேடுவது சிறிய தானுந்தில் எளிதன்று.

குழாய்கள் தாழ்ந்து தொங்குவதால் வேகத்தடைகளில் இடிபடும். மழைக்காலத்தில் சாலையில் நீர் தேங்கும் காவிரிப் படுகைப் பகுதிகளில் இதனையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்தியாவில்

இந்தியாவில் இரட்டைக் குழாயைப் பலருக்கு அறிமுகப்படுத்தியவை விசையுந்துகளே. மைசூரில் ஐடியல் சாவா நிறுவனம் தயாரித்த சாவா, எசுடி வண்டிகளில் ஒரே உருளையிலிருந்து இரண்டு வாயில்கள் வழியே இரு குழாய்கள் சென்றன. அத்தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. எசுகார்ட்சு நிறுவனம் 1983 முதல் தயாரித்த ராசுதூத் 350 இரண்டு உருளைகள் கொண்ட இருவீச்சு வண்டி ஆகும். அதில் ஒவ்வோர் உருளைக்கும் தனி விரிவறைக் குழாய் இருந்தது. திரும்பி வரும் அழுத்த அலை புதிய கலவையை உருளைக்குள் தள்ள வேண்டியிருந்ததால், அங்கு இரண்டு குழாய்கள் அழகுக்காக அன்றித் தேவைக்காகவே அமைந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு 2018இல் வெளியிட்ட இன்டர்செப்டர் 650 வண்டியின் சுழல்தண்டு 270 பாகை அமைப்புடையது. எரிப்புகள் 270, 450 பாகை இடைவெளிகளில் நிகழ்வதால் இணை இரட்டை உருளைப் பொறியிலும் வி வடிவப் பொறியை ஒத்த துடிப்பு கேட்கிறது.

தானுந்துகளில், ஃபோர்டு நிறுவனம் 2016இல் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த முசுதாங்கு, குறுக்குத் தள வி-8 பொறியுடன் முழு இரட்டை அமைப்புக்கு எடுத்துக்காட்டு. திருப்பெரும்புதூர் அருகே ஆலை கொண்ட ஹூண்டாய் 2021 செப்டம்பரில் வெளியிட்ட ஐ20 என் லைன், 998 கன செ.மீ. மூன்று உருளைப் பொறியும் இரட்டை முனை ஒலியடக்கியும் கொண்டது. இது மேலே கூறிய இரண்டாம் வகை. ஒலி ஆலையிலேயே சீரமைக்கப்பட்டு ஒப்புதலும் பெற்றிருப்பதால் வாங்குபவருக்குச் சட்டச் சிக்கல் இல்லை.

சட்டம்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி எல்லா மோட்டார் வாகனங்களுக்கும் ஒலியடக்கியைக் கட்டாயமாக்குகிறது. உற்பத்தி நிலையில் பயணிகள் தானுந்துக்கு 74 டெசிபலும், 175 கன செ.மீ.க்கு மேற்பட்ட விசையுந்துக்கு 80 டெசிபலும் 2005ஆம் ஆண்டு நெறிகளின்படி உச்ச வரம்புகள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இத்தகைய மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, காற்று மாசு நெறிகளை மீறி ஓட்டினால் 190ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. ஒலியைக் கூட்ட வினையூக்கி மாற்றியைக் கழற்றுவது இரு வகையிலும் குற்றமாகும்.

இடமும் பொருட்டாகிறது. குடவாசல் போன்ற ஊர்களில் வயல்வெளிச் சாலையில் பரவித் தேயும் ஒலி, வீடுகள் நெருங்கிய தெருவில் இருபுறச் சுவர்களிலும் பட்டுத் திரும்புவதால் அதே வண்டி அங்கு உரக்கக் கேட்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரையறுக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அறிவிக்கப்படும் அமைதி மண்டலங்களில் வரம்பு பகலில் 50, இரவில் 40 டெசிபல் ஆகும்.