டப்பாவுக்குள் ஒரு பெயிண்ட் பட்டறை

கார் கதவில் கீறல் விழுந்தா, கடையில் ஒரு ஸ்ப்ரே கேன் வாங்கி வீட்டு வாசலிலேயே அடிச்சுடலாம்னு இன்னிக்கு நிறைய பேர் நினைக்கிறாங்க. இந்த டப்பா எங்கிருந்து வந்தது? அதோட வரலாறு தெரிஞ்சா, அதால் எது முடியும், எது முடியாதுங்கறதும் தெரிஞ்சுடும். என்னைக் கேட்டால், கார் பெயிண்ட்டின் வரலாறு என்பது காயும் நேரத்தின் வரலாறுதான்.

ஆரம்பகால கார்களுக்குக் குதிரை வண்டிக்குப் பூசுவது போலவே பிரஷ்ஷால் வார்னிஷ் பூசினார்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்து, அதைத் தேய்த்து, அடுத்த பூச்சு போட்டு, ஒரு கார் முடிய வாரக்கணக்கில் ஆகும். 1914 முதல் 1925 வரை ஃபோர்டு மாடல் டி கார் கறுப்பில் மட்டுமே வந்தது, தெரியும் இல்லையா? அது விலை மலிவான, சூட்டில் காயவைக்கும் கறுப்பு எனாமல்.

திருப்பம் 1920-ல் வந்தது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் சினிமா ஃபிலிம் தயாரிப்புக்கான ஆய்வில் இருந்தபோது, நைட்ரோசெல்லுலோஸ் கரைசல் ஒன்று தற்செயலாக நீர்த்துப்போனது. நீர்த்திருந்ததால் அதைத் துப்பாக்கியால் தெளிக்க முடிந்தது. நீர்த்திருந்தும் சரக்கு அதிகம் என்பதால் பூச்சு கனமாக நின்றது. அதுதான் 'டூகோ'. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1924 ஓக்லண்ட் காரை அதில் நீல நிறத்தில் இறக்கியது. வாரக்கணக்கு மணிக்கணக்கானது. நம்ம ஊரில் இன்னும் சிலர் 'டூகோ பெயிண்ட்'னு சொல்றாங்களே, அந்தப் பெயர் இங்கிருந்து வந்ததுதான்.

தெளிக்கும் துப்பாக்கியின் மூலம் மருத்துவத்தில் இருக்கிறது. ஒஹாயோவின் டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். அவர் மகன் தாமஸ் அதை பெயிண்ட்டுக்கு மாற்றினார். ஆனால் அதற்கு கம்ப்ரஸர் வேண்டும், பட்டறை வேண்டும்.

டப்பாவின் கதை தனி. நார்வேயின் எரிக் ரோத்தைம் 1920-களில் ஏரோசாலுக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைகள் கொசு மருந்துக்கு அதைப் பயன்படுத்தின. 1949-ல் இல்லினாய் மாநிலத்தின் சிக்கமோர் ஊரில் எட்வர்ட் சீமோர், மனைவி பானி தந்த யோசனைப்படி அலுமினிய பெயிண்ட்டை டப்பாவில் அடைத்தார். பட்டறை வீட்டுக்கு வந்துவிட்டது.

ஆனால் முழுசா வரலை, பாருங்க. கேனில் இருக்கும் திரவ வாயு ஆவியாகும்போது டப்பா சில்லென்று ஆகும், அழுத்தம் குறையும், பெயிண்ட் துளித்துளியாகத் துப்பும். அதனால்தான் நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மெல்லிய பூச்சாக, இடைவெளி விட்டு அடிக்கச் சொல்கிறார்கள். இன்னொன்று, தொழிற்சாலை பூச்சு சூட்டில் ரசாயன மாற்றம் அடைந்து இறுகுகிறது. சாதாரண கேன் பெயிண்ட்டோ தின்னர் ஆவியானதும் அப்படியே நின்றுவிடுகிறது, நூறு வருஷத்துக்கு முந்தைய டூகோ மாதிரியே. மேலே பெட்ரோல் சிந்தினால் இளகிவிடும்.

இந்தக் குறைக்கு வந்ததுதான் '2கே' கேன். அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே ஹார்டனர் கலந்து, பூச்சு பட்டறைத் தரத்துக்கு இறுகும். ஆனால் பெரும்பாலான ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். வந்தால், அடுத்த முறை கொஞ்சம் பட்டாலே மூச்சு திணறும். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் இதைத் தடுக்காது. தொழிற்சாலையில் இதற்கென தனி அறையும், வெளியிலிருந்து காற்று தரும் முகமூடியும் உண்டு. டப்பாவோடு அதெல்லாம் வருவதில்லை.

காயும் நேரம் குறையக் குறைய, வேலை தொழிற்சாலையிலிருந்து பட்டறைக்கும், பட்டறையிலிருந்து வீட்டுக்கும் வந்தது. பாதுகாப்பு மட்டும் தொழிற்சாலையிலேயே நின்றுவிட்டது. சாதாரண கேனை காற்றோட்டமான இடத்தில், பொறுமையா, தாராளமா அடிச்சுப் பாருங்க. 2கே கேன்னா, அதை பட்டறைக்காரர்கிட்டயே விட்டுடுங்கன்னுதான் நான் சொல்வேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.