டவர் அப்படியே நிற்குது... சிக்னல் மட்டும் ஏன் போகுது? புயல், வெள்ளத்தில் செல்போன் சேவை முடங்குவதும் மீள்வதும் எப்படி?

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் டெல்டா முழுக்கத் தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்தன. கூடவே செல்போன் சிக்னலும் போனது. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் டெல்டாக்காரர்கள் வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். வீடு நிற்குதா, அப்பா அம்மா எப்படி இருக்காங்க என்ற தகவல் சரியான நேரத்தில் கிடைக்கவில்லை.

பெரிய புயல் வரும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். புயல் ஓய்ந்த பிறகு பார்த்தால், ஊர் எல்லையில் டவர் பெரும்பாலும் நிமிர்ந்துதான் நிற்கும். போனில் மட்டும் ஒரு புள்ளி சிக்னல் இருக்காது. அப்படியென்றால் எது பழுதானது?

கரண்டும் டீசலும்

முதல் காரணம் கரண்ட். செல்போன் டவருக்கும் நம்ம வீட்டுக்கு வருகிற அதே மின்சாரம்தான். அது நின்றால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதன் பிறகு ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், டீசலை யாராவது வண்டியில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். கஜாவில் விழுந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். சாலையெங்கும் மரம். பேட்டரி தாங்குவதோ மணிக்கணக்கில், கரண்ட் வரவோ நாட்கணக்கில். நடுவில் இருக்கிற இடைவெளி முழுவதையும் டீசல்தான் நிரப்ப வேண்டும்.

புயல் அடிக்கும்போது இருந்த சிக்னல், மறுநாள் காற்று ஓய்ந்த பிறகு காணாமல் போவதும் இதனால்தான். டவரைக் காற்று சாய்க்கவில்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது.

வெள்ளம் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஆன்டெனா உயரத்தில் இருந்தாலும் பேட்டரி, ஜெனரேட்டர், மின்பெட்டி எல்லாம் தரையில்தான் இருக்கும். தண்ணீர் ஏறினால் ஆளே போக முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சிக்கிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு ஹெலிகாப்டரில்தான் உணவு போட முடிந்தது. சாப்பாடே வானத்தில் இருந்து வர வேண்டிய இடத்துக்கு டீசல் கேன் எந்த வழியாகப் போகும்?

இரண்டாவது, ஃபைபர்

டவர் தனியாக நின்று எதையும் செய்துவிட முடியாது. நம் குரலையும் டேட்டாவையும் அது அடுத்த இடத்துக்குக் கடத்த வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று மைக்ரோவேவ் டிஷ், இன்னொன்று தலைமுடி அளவுக்கு மெல்லிய கண்ணாடி இழைகள் கொண்ட ஃபைபர் கேபிள். நகரங்களில் பல இடங்களில் இந்தக் கேபிள் கம்பத்தில் இருந்து கம்பத்துக்குத் தொங்கிக்கொண்டே போகும். மரம் விழுந்தால் கூடவே அதுவும் அறும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை இதைப் பார்த்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ரொக்கம் இல்லை, ஏடிஎம் வேலை செய்யவில்லை, தொடர்பு இல்லாததால் கார்டு தேய்க்கும் மெஷினும் வேலை செய்யவில்லை. பால், தண்ணீர் கேன் வாங்கவே ஜனங்கள் திண்டாடினார்கள். போன் சிக்னல் என்பது பேசுவதற்கு மட்டும் இல்லை என்று நகரத்துக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். இன்று யுபிஐ இல்லாமல் டீக்கடையே இல்லை என்கிற நிலையில் அதே மாதிரி ஒரு புயல் வந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

மண்ணுக்குள் புதைத்த கேபிளுக்கும் முழுப் பாதுகாப்பு கிடையாது. மரத்தை அகற்ற, கால்வாயை வெட்டிவிட என்று வரும் ஜேசிபி, கேபிளையும் சேர்த்து இழுத்துவிடுவது உண்டு. மீட்புப் பணியே புதுப் பழுதை உண்டாக்கும்!

எங்கே பழுது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஒவ்வொரு செல்போன் நிறுவனத்துக்கும் 24 மணி நேரமும் இயங்கும் நெட்வொர்க் கண்காணிப்பு மையம் உண்டு. எந்த டவரில் கரண்ட் போனது, பேட்டரி எவ்வளவு மிச்சம், ஜெனரேட்டர் ஓடுகிறதா என்பது அலாரமாக அங்கே வந்துகொண்டே இருக்கும். எந்த டவருக்கு முதலில் டீசல் அனுப்புவது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆட்சியர் அலுவலகம், மருத்துவமனை, கட்டுப்பாட்டு அறை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை. பல கிராமங்களின் டவர்களை இணைக்கும் மைய டவருக்கும் அப்படியே.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த அலாரமும் அதே ஃபைபர் வழியாகத்தான் வர வேண்டும். ஃபைபர் அறுந்தால் டவரில் இருந்து எந்தத் தகவலும் வராது. டவர் விழுந்துவிட்டதா, கரண்ட் இல்லையா, கேபிள் மட்டும் போனதா? மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். அதிகமாகப் பாதித்த இடத்தைப் பற்றித்தான் மையத்துக்குக் குறைவாகத் தெரியும் என்பதுதான் இந்த வேலையின் சிக்கலே. கடைசியில் ஒரு ஆள் பைக்கிலோ படகிலோ நேரில் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

கேபிள் அறுந்தது உறுதி என்றால் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு கருவி இருக்கிறது. ஒரு முனையில் இருந்து ஒளித் துடிப்பை அனுப்பும். அறுந்த இடத்தில் மோதித் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, எத்தனையாவது கிலோமீட்டரில் பழுது என்று சொல்லிவிடும். அந்த இடத்துக்குப் போய், இழைகளை ஒவ்வொன்றாக உருக்கி ஒட்ட வேண்டும். கொட்டும் மழையில், தேங்கிய தண்ணீரில் இதைச் செய்வது எவ்வளவு பாடு என்று சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இந்தக் கணக்கைப் பொதுமக்களுக்கே காட்டுகிறார்கள். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி பியூர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியபோது, 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட டவர்கள் முடங்கின. எந்தப் பகுதியில் எத்தனை சதவீதம் இயங்கவில்லை என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் தினமும் அறிக்கை வெளியிட்டது. உறவினரைத் தேடும் ஒருவருக்கு, போன் எடுக்காததற்கு நெட்வொர்க்தான் காரணம் என்று தெரிவதே பெரிய ஆறுதல்.

நம்ம சிம்முக்குச் சிக்னல் இல்லை, பக்கத்து வீட்டு சிம்முக்கு இருக்கு. அப்போ?

இதற்குத்தான் 'இன்ட்ரா சர்க்கிள் ரோமிங்' என்ற ஏற்பாடு. பேரிடர் நேரத்தில் மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டால், ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் டவரைப் பயன்படுத்தலாம். 2023 ஜூனில் பிபர்ஜாய் புயலை ஒட்டி குஜராத்தில் இப்படி அனுமதித்தார்கள். போன் தானாக மாறவில்லை என்றால், செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய், கிடைக்கிற நெட்வொர்க்கை நாமே தேர்வு செய்ய வேண்டும். இது தெரியாமல் சிக்னல் இல்லையென்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. இன்று ஒரே டவரை இரண்டு மூன்று நிறுவனங்கள் வாடகைக்குப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த ஒரு டவருக்கு டீசல் தீர்ந்தால் எல்லோருக்கும் சேர்த்தே சிக்னல் போகும். அப்போது ரோமிங்கும் கைகொடுக்காது. லாரியில் ஏற்றி வரும் நடமாடும் டவர்தான் வழி, அதுவும் சாலை திறந்த பிறகு.

எந்த எண் வேலை செய்யும் என்பதிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 'அவசர அழைப்பு மட்டும்' என்று போனில் காட்டினால், வேறு நிறுவனத்தின் டவர் பக்கத்தில் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது 112 என்ற எண் போகும். மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டத்தின் 1077 இரண்டும் சாதாரண அழைப்பு வகை. அவற்றுக்கு உங்கள் நெட்வொர்க் அல்லது ரோமிங் தேவை. நெரிசலில் போன்கால் போகாத நேரத்தில் எஸ்எம்எஸ் போக வாய்ப்பு அதிகம். அதற்குத் தேவைப்படும் இடம் ரொம்பக் குறைவு.

'பீப்' சத்தத்தோடு வரும் எச்சரிக்கை

2023-ல் எல்லா போன்களும் ஒரே நேரத்தில் அலறி, 'இது சோதனைச் செய்தி' என்று காட்டியதே, அதன் பெயர் செல் பிராட்காஸ்ட். ஒவ்வொரு எண்ணாகத் தேடிப்பிடித்து எஸ்எம்எஸ் அனுப்புவது போல இல்லை இது. ரேடியோ மாதிரி, டவர் ஒரே தடவை ஒலிபரப்பும். அந்த எல்லைக்குள் இருக்கும் எல்லா போனிலும் விழும். நெரிசல் பிரச்னை கிடையாது. ஆனால் டவர் உயிரோடு இருக்க வேண்டும். அதனால் புயலுக்கு முன்புதான் இதன் பலன் முழுசா கிடைக்கும்.

டவரே இல்லாத இடம் கடல். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, கன்னியாகுமரி மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் இருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் செல்போன் எட்டாது. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை, திரும்பி வராதவர்கள் ஏராளம். அந்தப் பாடத்துக்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் கருவிகள் மீது கவனம் போனது. இஸ்ரோ உருவாக்கிய, படகில் இருந்தும் பதில் செய்தி அனுப்பக்கூடிய டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது.

எல்லாம் போன பிறகும் மிஞ்சுவது ஹாம் ரேடியோ. 2004 சுனாமியின்போது பாரதி பிரசாத் என்ற ஹாம் வானொலி ஆர்வலர் தற்செயலாகத் தன் குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தார். தீவுகளின் தொடர்பு அறுந்த நிலையில், அவர் கொண்டுபோயிருந்த கருவிதான் வெளி உலகத்துக்குத் தகவல் கடத்தியது.

சிக்னல் இல்லாத நாட்களுக்கு ரீசார்ஜ் பணம் திரும்ப வருமா?

டிராய் அமைப்பின் 2024 விதிகள்படி, ஒரு மாவட்டத்தில் சேவை 4 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் டிராய்க்குத் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டினால் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்குக் கட்டணக் கழிவும், ப்ரீபெய்டு வாடிக்கையாளருக்குக் கூடுதல் வேலிடிட்டியும் தர வேண்டும். ஆனால் இயற்கைப் பேரிடரால் ஏற்படும் முடக்கத்துக்கு இந்த நிவாரணம் பொருந்தாது. கஜா மாதிரி இன்னொரு புயலில் 10 நாள் சிக்னல் இல்லாமல் போனாலும், நிறுவனமே மனது வைத்துக் கொடுத்தால்தான் உண்டு.