நிற்பதன் வரலாறு

தரைவேகச் சாதனைகளைப் பற்றி எழுதுவோர் எந்திரத்தின் ஆற்றலையும் ஓட்டியவரின் துணிவையும் வியந்து பேசுவர். ஓடிய வண்டி எவ்வாறு நின்றது என்று வினவுவோர் அரியர். அவ்வினாவோடு அணுகும்போது அவ்வரலாறு நமக்கு வேறொரு முகத்தைக் காட்டுகிறது.

1927 மார்ச் 29 அன்று, அமெரிக்காவின் டேடோனா கடற்கரையில், ஆங்கிலேயரான ஹென்றி சீக்ரேவ் தம் சன்பீம் காரில் மணிக்கு 203 மைல் வேகத்தைக் கடந்தார். காரில் 200 மைலைத் தாண்டிய முதல்வர் அவரே. ஆனால் அங்கே பிரேக்குகள் வெப்பத்தில் உருகிப் பயனற்றுப் போயின. காரை ஆழமற்ற கடல்நீரில் இறக்கியே அவர் வேகத்தைத் தணிக்க நேர்ந்தது.

காரணம் எளிய கணக்குதான். வேகம் இருமடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. சக்கர பிரேக் அவ்வளவையும் உராய்வால் வெப்பமாக மாற்றியாக வேண்டும். உலோகம் தாங்குவதற்கோ ஓர் எல்லை உண்டு. காற்றின் எதிர்ப்பும் வேகத்தின் இருமடிக்கேற்பப் பெருகுவது ஒன்றே பொறியாளருக்கு வாய்த்த துணை. ஆகவே ஜெட் யுகத்தில் ஒரு வரிசை அமைந்தது: முதலில் காற்று, அடுத்துப் பாராசூட், வேகம் வெகுவாகத் தணிந்த பின்னரே பிரேக்.

அவ்வரிசை குலைந்தால் நேர்வதை 1964 அக்டோபர் 15 காட்டியது. யூட்டாவின் போன்னவில் உப்புவெளியில் கிரேக் பிரீட்லவ் 526 மைல் சராசரியை எட்டினார். இரண்டாம் ஓட்டத்தின் முடிவில் பாராசூட்டுகள் கைவிட்டன. எஞ்சிய பிரேக்குகள் கருகின. ஏறக்குறைய 6 மைல் தூரம் தடம் பதித்துச் சென்ற வண்டி, தொலைபேசிக் கம்பத்தை முறித்து, கரையேறிப் பாய்ந்து, உப்புநீர்க் குட்டையில் மூழ்கியது. அவர் நீந்திக் கரையேறினார். சீக்ரேவ் தேடிச் சென்ற நீர், இவரைத் தேடி வந்தது போலும்!

சாதனை விதியும் இங்கே கருதத்தக்கது. எதிரெதிர்த் திசைகளில் இரண்டு ஓட்டங்கள் ஒரு மணி நேரத்துக்குள் நிறைவேற வேண்டும். 1997 அக்டோபர் 13 அன்று, நெவாடாவின் பிளாக் ராக் பாலையில், ஆண்டி கிரீன் ஓட்டிய திரஸ்ட் எஸ்எஸ்சி ஒலியை முந்தியது. எனினும் பாராசூட் விரியாமல் வண்டி நெடுந்தூரம் ஓடிவிட்டதால் 50 விநாடிகளில் கெடு தவறியது. இரண்டு நாள் கழித்து, பிரீட்லவ் குட்டையில் விழுந்த அதே அக்டோபர் 15 அன்று, 763 மைல் வேகம் ஏட்டில் ஏறியது.

உரிய இடத்தில் நின்று திரும்பாத வேகத்தை விதி வேகமாகவே ஏற்பதில்லை. ஏட்டில் நாம் காணும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும், நிறுத்தக் கற்றவர்களின் பெயரறியா உழைப்பு இருக்கிறது.