வடத்தின் குறையை வன்மை தீர்க்குமா?



சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் கணிப்பொறி ஒன்று வலையமைப்பினின்றும் துண்டித்துப் போயிற்று. பொறியைப் பன்முறை நிறுத்தி இயக்கினேன், மென்பொருளை மாற்றினேன், அரைநாள் வீணாயிற்று. பின்னர் உதவியாளர் வேறொரு கேபிளை மாட்டினார். உடனே விளக்கு எரிந்தது! பழுது பழைய கேபிளின் முனையில் இருந்தது. அளந்து பாராமல் முயன்ற என் பேதைமை, வரலாற்றுக்குப் புதியதன்று.

1858 ஆகஸ்டில், அயர்லாந்திலிருந்து நியூபவுண்டுலாந்து வரை அட்லாண்டிக் கடலடியில் தந்தி வடம் இடப்பட்டது. விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு விடுத்த 98 சொற்செய்தி சென்றுசேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. உறையிடுவதிலும் கையாள்வதிலும் நேர்ந்த குறைகளால் வடம் முன்னமே நலிந்திருந்தது. மின்வல்லுநர் வைட்ஹவுஸ் என்ன செய்தார்? குறி மெலிந்து வருகிறதென்று கருதி, சுமார் 2000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்தினார். நலிந்த உறை மேலும் நைந்தது. செப்டம்பர்த் தொடக்கத்தில் வடம் ஊமையாயிற்று.

கிளாஸ்கோப் பேராசிரியர் வில்லியம் தாம்சன் வேறு வழி கண்டார். நுண்ணிய கண்ணாடியொன்றைக் காந்தத்தில் ஒட்டித் தொங்கவிட்டார். மெல்லிய மின்னோட்டம் பாய்ந்தாலும் கண்ணாடி அசையும். அதில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி அளவுகோலின் மீது நகரும். மேலும், ஒரு மைல் கம்பியின் மின்தடை தெரிந்தால், கரையிலிருந்து அளந்தே பழுது எத்தனை மைலில் உள்ளதெனக் கணக்கிடலாமன்றோ?

1865இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் புதிய வடத்தை இட்டுச் செல்கையில் சோதனை இடைவிடாது நடந்தது. குறை தோன்றியதும் கப்பலை நிறுத்தி, வடத்தை மேலே இழுத்துப் பார்த்தனர். உறையைத் துளைத்து நின்றது சிறு கம்பித் துண்டு! அவ்வடம் பின்னர் நடுக்கடலில் அறுந்தது. ஆயினும் 1866இல் வேறொரு வடம் வெற்றியுடன் கரை சேர்ந்தது. அறுந்த வடத்தையும் ஆழத்தினின்று மீட்டு இணைத்தனர்.

இன்றைய கருவி கேபிளுள் ஒரு துடிப்பை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் காலத்தைக்கொண்டு பழுதின் தொலைவைச் சொல்கிறது. கருவி மாறிற்று, நெறி மாறவில்லை. ஆதலின், நண்பர்களே, உங்கள் கணிப்பொறி வலையினின்று விலகினால் முதலில் விளக்கைப் பாருங்கள். நல்ல கேபிளை மாற்றிப் பாருங்கள். எட்டு இழைகளும் தொடர்கின்றனவா எனச் சோதியுங்கள். அளந்தறிந்த பின்னரே மருந்திடுங்கள்.