இராயப்பர் ஆலயத்தில் பேதுருவின் திருமுகம்

முல்லைத்தீவு நகரத்துக் கத்தோலிக்க ஆலயம் புனித இராயப்பர் பெயரால் வழங்குகிறது. அந்தத் திருத்தூதர் எழுதிய திருமுகத்தை வாசிக்கத் திருவிவிலியத்தை விரித்தால், அங்கே இருப்பவர் பேதுரு. யோவான் அருளப்பராகவும், பவுல் சின்னப்பராகவும் இருந்த காலத்து வழக்கு ஆலயப் பெயர்களில் நிலைத்துவிட்டது, வாசகத்தில் மாறிவிட்டது. வன்னியில் எந்த வேதாகமத்தை வாங்குவது என்று கேட்பவர், இப்படி ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த மூன்று நூற்றாண்டு மொழிபெயர்ப்பு வரலாற்றுக்குள் கால்வைக்கிறார்.

தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் அச்சில் நிறைவுற்றது. அவர் விட்ட இடத்திலிருந்து பழைய ஏற்பாட்டைத் தொடர்ந்து முடித்தவர் சூல்ச்சே. இலங்கையும் பின்தங்கவில்லை: கொழும்பில் பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோவின் புதிய ஏற்பாடு ஒல்லாந்தர் காலத்தில், 1759இல், அங்கேயே அச்சானது. பின்னர் வந்த பப்ரிசியசின் மொழிபெயர்ப்பை லுத்தரன் சபையார் தலைமுறை தலைமுறையாகப் போற்றினர்.

இந்த வரலாற்றில் யாழ்ப்பாணத்தின் பங்கு தனித்துச் சொல்லத் தக்கது. வெஸ்லியன் மிஷனரி பீட்டர் பேர்சிவலுக்குத் துணைநின்று வேதாகமத் தமிழைச் செப்பனிட்டவர் ஆறுமுக நாவலர். பின்னாளில் சைவத்தின் காவலராக நின்ற அதே நாவலர். 1850இல் சென்னையில் வெளிவந்த அந்தப் பதிப்பைத் தமிழகத்துச் சபைகள் ஏற்கவில்லை. நல்ல தமிழ் மட்டும் ஒரு வேதாகமத்தைச் சபையில் நிலைநிறுத்திவிடாது. கேட்டுப் பழகிய காதும் இசைய வேண்டும். பிறகு ஹென்றி பவர் தலைமையில் குழு அமைந்தது. அமெரிக்க மிஷனின் லீவாய் ஸ்போல்டிங் யாழ்ப்பாணத்தின் சார்பில் அதில் பங்கெடுத்தார். இரு கரையும் இசைந்து 1871இல் வந்ததே ‘ஐக்கிய மொழிபெயர்ப்பு’. இன்று புரொட்டஸ்தாந்து வீடுகளில் ‘பரிசுத்த வேதாகமம்’ என்றால் பெரும்பாலும் இதுதான்.

கடவுளுக்கு எந்தச் சொல் என்பதில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் மோதினர். சீகன்பால்குவுக்கு ‘சர்வேசுரன்’, பப்ரிசியசுக்குப் ‘பராபரன்’, பேர்சிவலுக்கும் பவருக்கும் ‘தேவன்’. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் ‘கடவுள்’. யோவான் நற்செய்தியின் முதல் வசனத்தில் ஐக்கிய மொழிபெயர்ப்பில் ‘வார்த்தை’, திருவிவிலியத்தில் ‘வாக்கு’. ‘வாக்குக் கொடுத்தான்’, ‘தெய்வ வாக்கு’ என்று பேசிப் பழகிய காதில் இரண்டாவது சொல் வேறு கனத்தோடு விழுகிறது.

இந்தச் சொற்கள் எல்லாம் வன்னியில் அருகருகே வழங்குகின்றன. இரணைமடுக் குளத்தை நம்பிக் கிளிநொச்சியில் குடியேறியவர்களில் பலர் யாழ்ப்பாணத்தார். 1958, 1977 வன்செயல்களின் பின் மலையகத் தமிழர் வன்னிக்கு வந்தனர். கத்தோலிக்கரைப் பொறுத்தவரை கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை; வவுனியா 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டத்துக்கு உரியது. தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்தம், அங்கிலிக்கம், பெந்தெகொஸ்தே என்று சபைகளும் பல. ஆகவே ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டில் ‘சங்கீதம்’, அடுத்த வீட்டில் ‘திருப்பாடல்’. ஒருவருக்கு ‘ஞானஸ்நானம்’, மற்றவருக்குத் ‘திருமுழுக்கு’.

மனப்பாட வசனங்களோடு வளர்ந்த மூத்தோரிடமிருந்து ஐக்கிய மொழிபெயர்ப்பைப் பிரிப்பது நியாயமல்ல. செபத்தின் மொழியே அவர்களுக்கு அதுதான். பள்ளிப் பிள்ளைக்கும் முதன்முறை வாசிப்பவருக்கும் திருவிவிலியத்தின் இக்காலத் தமிழ் எளிதில் பிடிபடும். ஆராய்ந்து படிப்பவர் இரண்டையும் அருகருகே விரித்துவைப்பதே நல்லது. சொல் வேறுபடும் இடத்தில்தான் மூலத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழும்.

வாங்குமுன் பொருளடக்கத்தையும் பார்க்க வேண்டும். ஐக்கிய மொழிபெயர்ப்பில் 66 நூல்கள். கத்தோலிக்கத் திருமுறையில் 73. மெதடிஸ்த மாப்பிள்ளையும் கத்தோலிக்கப் பெண்ணும் மணமுடிக்கும் வீட்டில், திருமணப் பூசையின் வாசகத்துக்குத் தோபித்து நூலைத் தெரிந்தெடுத்தால், மாப்பிள்ளை வீட்டு வேதாகமத்தில் எத்தனை தடவை புரட்டினாலும் அது அகப்படாது.