மூளை நாடிப்புடைப்பை முன்னறிதல்: ஒரு வரலாற்று நோக்கு

மூளையின் அடிப்புறத்தே நாடிகள் கிளைக்குமிடங்களிற் சுவர் நலிந்து சிறு பைபோலப் புடைத்து நிற்றலுண்டு. இதனை நாடிப்புடைப்பு என்பர். வளர்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேரிடத்து இஃது உளதெனக் கணித்துள்ளனர். அவருட் பெரும்பாலார் அதனை அறியாமலே வாழ்ந்து முடிப்பர். ஆயின் அது வெடித்தவிடத்து, மூளையைச் சூழ்ந்த வெளியிற் குருதி பரவும். தாக்குண்டோருள் மூன்றிலொரு பங்கினர் வரையில் உயிர் துறப்பர். வெடிக்குமுன் தேடிக் காண்டல் நன்றா என்னும் வினா இவ்விரண்டு உண்மைகளுக்குமிடையே பிறந்ததாகும்.

நெடுங்காலம் இப்புடைப்பை இறந்தார் உடலை அறுத்தே பெரிதும் கண்டனர். 1927ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் ஏகாஸ் மொனிஸ் என்பார், கழுத்து நாடியில் அயடைட்டுக் கரைசலைச் செலுத்தி, எக்ஸ்-கதிர் கொண்டு மூளையின் நாடிகளைப் படம்பிடித்தார். அவர்தம் தொடக்க முயற்சிகளில் நோயாளி ஒருவர் மாண்டார். பின்னர் 1931இல் எடின்பரோவில் நோர்மன் டொட் புடைப்பைத் தசைத்துண்டாற் போர்த்தார். 1937இல் பல்ற்றிமோரில் வால்ற்றர் டான்டி அதன் கழுத்திலே வெள்ளிக் கவ்வியை இட்டார். எனினும் நோயில்லாதார் எவரும் நாடியில் ஊசியேற்றும் இச்சோதனைக்கு உடன்படுவரோ?

1980களின் பிற்பகுதியிற் பரவிய காந்தப் பரிவு நாடிப்படமே அத்தடையை நீக்கியது. காந்தப்புலத்துள் அசையாதிருக்கும் இழையம் மீண்டும் மீண்டும் வானொலியலையால் தூண்டப்பட்டு மங்கித் தோன்றும். புதிதாய் ஓடிவரும் குருதியோ ஒளிர்ந்து தோன்றும். ஊசியும் வேண்டா, சாயமும் வேண்டா. குருதியின் ஓட்டமே தன்னைக் காட்டிக்கொடுக்கின்றது.

இதனை முதன்முதற் பெருவழக்காக்கியோர் யப்பானியர். ஆங்கு 1954 முதலே, நலமுடையோர் வைத்தியசாலையிற் றங்கி உடலைச் சோதிப்பித்தலை ‘மனித டொக்’ என்று வழங்கினர். கடலோடி மீண்ட கப்பல் துறையேறிப் பழுதுபார்க்கப்படுதலினின்று பிறந்த பெயர் அது. துறைமுக நகரத்தார் எளிதிற் சுவைக்கத்தக்க உவமை. 1988இல் சப்போரோ நகரில் ‘மூளை டொக்’ தொடங்கிற்று. 1992இல் அதற்கெனச் சங்கமும் எழுந்தது.

ஆயின் கண்டபின் செய்வது யாது? 1998இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, முன் குருதி கசியாதாரிடத்து 10 மில்லிமீற்றரினுஞ் சிறிய புடைப்பு ஆண்டுக்கு நூற்றுக்கு 0.05 வீதமே வெடித்ததென்றது. சத்திரசிகிச்சை பெற்றோருள்ளோ நூற்றுக்கு 15 பேரளவில் ஓராண்டினுள் ஊனமோ சாவோ எய்தினர். மருத்துவர் பலர் இதனை நம்ப மறுத்தனர். வெடிக்குமெனத் தோன்றிய புடைப்புகளை முன்னரே வெட்டிக் களைந்துவிட்டு எஞ்சியவற்றையே எண்ணினர் என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்திற் பொருளில்லாமலில்லை. 2012இல் யப்பானில் 5,720 பேரை ஆராய்ந்தோர், ஆண்டுக்கு நூற்றுக்கு 0.95 எனக் கண்டனர். அஃது எல்லா அளவுகளையும் சேர்த்தெண்ணிய வீதமாகலின், முன்னையதனோடு நேரே ஒப்பிடுதல் பொருந்தாது.

ஒல்லாந்தர் 1999இல் வெளியிட்ட ஆய்வே எல்லாவற்றினும் உறுத்துவது. குருதிக்கசிவுற்ற 160 பேரின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகிய 626 பேரைச் சோதித்து, 25 பேரிடம் புடைப்பைக் கண்டனர். அவருள் 18 பேர் சத்திரசிகிச்சை பெற, ஆறு திங்களின் பின் 11 பேரின் செயலாற்றல் குறைந்திருந்தது. ஈடாகப் பெற்றதோ, சோதிக்கப்பட்டார் ஒருவர்க்குச் சராசரி ஒரு திங்களிலும் குறைந்த ஆயுள்நீட்சி. நலமாய் நடந்து வந்தவர் நலங்குன்றி மீண்டனர்.

ஆதலின் இந்நாளில் மருத்துவர் எல்லார்க்கும் இச்சோதனையை விதிப்பதில்லை. நெருங்கிய உறவினருள் இருவர்க்கேனும் இந்நோய் வந்த குடும்பத்தார்க்கும், பரம்பரைச் சிறுநீரகக் கட்டிநோய் உடையார் சிலர்க்குமே அதனைக் கூறுவர். அவர்க்கும் ஒருமுறை பார்த்தல் போதாது. அத்தகைய குடும்பத்தார் 458 பேரை ஊற்றெக்கில் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டோர், முதற் சோதனையில் 51 பேரிடமும், மறுமுறை வந்த 261 பேரில் 21 பேரிடமும் புடைப்பைக் கண்டனர்.